எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் சோலையம்மாளுக்கு வேலையில் அம்புட்டு நிதானம். கொஞ்சம் அழுத்தி உரசினாலும் அறையே எரிந்துவிடும். பகலெல்லாம் அடக்கிவைத்த சீற்றத்தை வீட்டில்தான் கொட்டுவாள். அது தாங்காமல் புருஷன் விட்டுப் போய்விட்டான். அக்கம்பக்கத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மகள் ஓவியாதான் அழுது அடம்பிடித்து அவளை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்திருந்தாள்.

மனநல ஆலோசகர் ஞானசுந்தரி ஒரு தாளை எடுத்து வாசித்தார்.

“கோவம் வந்தா அடக்க முடியலையா? ஒருபோதும் இல்லை, எப்பவாவது, அடிக்கடி, எப்பவுமே. இதுல எது?”

தாளோடு வந்து கேட்பவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கம்பெனி எப்போதோ பழக்கிவிட்டிருந்தது. கம்பெனியைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டரிடம் ஒரு குறை சொன்னால் மறுநாள் வேலை இருக்காது.

“ஒருபோதும் இல்லம்மா.”

கூட இருப்பவர்கள் விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்? இல்லை. செய்துவிட்டு வருந்துவது? இல்லை. கடைசிவரை இல்லைதான். ஞானசுந்தரி கூட்டிப் பார்த்தார். பூஜ்யம்.

“இந்தத் தாள்படி உங்களுக்கு ஒரு பிரச்சினையும் கிடையாது,” என்றார் சிரிக்காமல்.

“அதத்தான நானும் சொன்னேன். கேட்டியாடி?”

மகள் பக்கம் திரும்பிய சோலையம்மாள், தன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள்.

ஓவியா சட்டென்று இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று சோலையம்மாளுக்குத் தெரியவில்லை.

“மொதக் கேள்விய இன்னொருக்கா வாசிங்கம்மா,” என்றாள்.