ஆந்தைக்கு ஒரு பெட்டி

உலு திராமில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான் இருட்டத் தொடங்கும். வெளிச்சம் போகவும் மனமில்லாமல், இருக்கவும் முடியாமல், செம்பனை மட்டைகளுக்கு நடுவே பச்சையாகத் தங்கியிருக்கும். மழை பெய்த நாளென்றால் தரையிலிருந்து ஆவி கிளம்பி மரங்களின் அடிப்பாகம் காணாமல் போய்விடும். தலைகள் மட்டும் மிதக்கும். அந்த நேரத்தில் பின்வாசல் படியில் உட்கார்ந்தால் தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே தெரியாது. இதையும் அந்தப் படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் செம்பனை, பாமாயில் மரம். மாமனார் வாங்கிப்போட்டது. என் வீட்டுக்காரர் இருபது வருஷம் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய்வந்து உழைத்தவர். முதுகு போன பிறகு இந்த மண்ணே கதி என்று உட்கார்ந்துவிட்டார். கிழட்டு மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று வைத்தோம். அவை காய்க்கும் வரை மூன்று வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தோம். காய்த்தது. எங்களுக்கு முன்னால் எலி சாப்பிட்டுவிட்டது.

சிரிக்காதீர்கள். பழுக்கப் பழுக்கக் குலைகளைக் கொறித்து வைத்திருக்கும். பழம் எடுக்க வரும் லோரிக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். அதிலேயே விலை இறங்கிவிடும். உரம் விற்கிற விலையில் இதுவும் போனால் என்ன மிஞ்சும்? எலி மருந்து வைத்தோம். முதல் வருஷம் எலி செத்தது. அடுத்த வருஷம் எங்கள் பூனை செத்தது, எலி கொழுத்தது. பக்கத்துத் தோட்டத்தில் வீடு கட்டப் போகிறார்கள், உங்களுடையதையும் கொடுத்துவிடுங்கள் என்று தம்போயிலிருந்து ஒரு நில புரோக்கர் மாதாமாதம் போன் செய்வார். எப்போதும் முடியாது என்றே சொல்லிவந்த இவர், ஒருநாள் "வருஷக் கடைசியில சொல்றேன்" என்றார். எனக்குத் திக்கென்றது.

அந்த வாரமே ஒரு பலகைப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"என்னாங்க இது, கோழிக் கூண்டா?"

"ஆந்தைக்கு."

"எதுக்கு?"

"ஆந்தைக்கு வீடு லா. நம்ம மலாய்க்காரக் கூட்டாளி தோட்டத்துல வெச்சிருக்கான். ஒரு ஜோடி வந்தா போதும், எலிய ஒரு வழி பண்ணிடும். மருந்தே வேணாம்."

"அலமாக்! ஊரே ஆந்தைய வெரட்டுது, நீங்க வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறீங்களா?"

வழக்கமாக என் வாய்க்குப் பதில் வாய் கொடுப்பவர், அன்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுதான் கடைசி. இதுவும் சரிப்படலன்னா வித்துடுவோம்" என்றார்.

தோட்டத்து ஓரத்தில் இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் பெட்டியைப் பொருத்தினார். இரண்டு மாதம் எதுவும் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் மட்டைகளுக்கு இடையில் வெள்ளையாக ஏதோ போனது. சத்தமே இல்லை. காற்றுகூட அசையவில்லை. பெட்டி வாசலில் உட்கார்ந்து எங்களைத் திரும்பிப் பார்த்தது. நெடுக்காக வெட்டிய ஆப்பிள் போல ஒரு முகம். அழகு என்று ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை; ஆனால் அழகுதான். சில நாளில் துணையும் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த வெட்டுகளில் கொறித்த குலைகள் குறைந்துகொண்டே வந்தன. இவர் முகத்தில் சிரிப்பு திரும்பியது. சாயங்காலமானால் காப்பிக் கோப்பையோடு படியில் உட்கார்ந்துவிடுவார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அது அலறுவதை என்னால் தாங்க முடியாது. வீட்டுப் பக்கம் ஆந்தை அலறினால் ஓர் உயிரை அழைக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த காது இது. பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் மகள் அப்போது ஏழு மாதம். முந்தினது ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோனது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பிரசவம் வரை எங்களோடு இருக்க, இன்னும் இரண்டு நாளில் வருவதாக இருந்தாள். மூளை ஆயிரம் சமாதானம் சொன்னாலும் என் வயிறு கேட்க வேண்டுமே.

இவர் உரம் வாங்கப் போயிருந்த காலையில் ஏணியைச் சாத்தி ஏறினேன். காலி உரச்சாக்கைச் சுருட்டிப் பெட்டியின் வாசலில் திணித்து, பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டினேன். பறவைகள் இரை தேடப் போயிருக்கும், வந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆந்தை பகலில் தூங்கும் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பயம் வந்தால் தெரிந்தது எல்லாம் மறந்துவிடுகிறது. இறங்கி ஏணியைக் கொட்டகையில் வைத்துவிட்டு நிம்மதியாகச் சமைத்தேன்.

அன்று மழை பெய்து விட்டிருந்தது. ஆவியில் மரங்கள் மிதந்தன. இவர் காப்பியோடு படியில் உட்கார்ந்தார். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்காமல் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெட்டியிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. இவரும் எதுவும் கேட்கவில்லை.

அப்போது தோட்டத்துக்குள்ளிருந்து ஆண் ஆந்தை வந்தது. அலகில் ஓர் எலி. வாசலில் இறங்கப் பார்த்தது, முடியவில்லை. பெட்டியைச் சுற்றியது. மறுபடியும் இறங்கப் பார்த்தது. கடைசியில் பெட்டியின் மேலே போய் எலியோடு நின்றது. கீழே விடவும் இல்லை, தின்னவும் இல்லை. அந்த அமைதியில் பெட்டிக்குள்ளிருந்து சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. ஒன்றில்லை, நாலைந்து குஞ்சுகள் சேர்ந்து சீறும் சத்தம்.

அடிப்பாவி, என்ன காரியம் செய்தேன்!

"என்னாங்க... ஏணிய எடுங்க" என்றேன்.

"எடுத்து வெச்சிட்டேன்" என்றார்.

பார்த்தேன். ஏணி குழாயில் சாத்தியிருந்தது.

"அப்பவே பாத்தீங்களா?"

"மத்தியானம் பாத்தேன். உன் சேல எனக்குத் தெரியாதா? சாக்க ஒரு ஓரமா தளர்த்தி விட்டேன், காத்து போகட்டும்னு. நீயே அவுக்கிறியான்னு இருட்டுற வரைக்கும் பாப்போம், இல்லாட்டி நானே அவுத்துடலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

"குஞ்சு பறந்ததும் பெட்டிய கூட்டாளி தோட்டத்துக்குக் கொடுத்துட்டு, தம்போய்க்காரருக்குப் போன் பண்ணியிருப்பேன்." காப்பியை ஒரு வாய் குடித்தார். "மகளா தோட்டமான்னா, மகதானே லா."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அழுதுகொண்டே நானேதான் ஏறினேன். கீழே அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். முடிச்சை அவிழ்த்துச் சாக்கை உருவியதும் உள்ளே இருட்டில் வெள்ளை முகங்கள் அத்தனையும் என்னைப் பார்த்துச் சீறின. திட்டட்டும், திட்டட்டும் என்று இறங்கினேன். நாங்கள் படிக்குத் திரும்புவதற்குள் எலி உள்ளே போய்விட்டது.

சொன்ன நாளில் மகள் வந்தாள். சாயங்காலம் பின்வாசல் படியில் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆந்தை அலறியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மா, என்னா அது?" என்றாள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கதவைச் சாத்த எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல லா" என்றேன். "அப்பங்காரன் புள்ளைங்களுக்குச் சாப்பாடு கொண்டாந்திருக்கான்."