அறுவடைக்கு முன் போட்ட கையெழுத்து

ஆர்டிஸ் ஹாக்லண்டைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அவள் கையெழுத்து இல்லாமல் ஆஸ்பத்திரிப் பணம் போயிருக்குமா என்பது ஒரு பேச்சு. உயிர்த்தோழியையே போலீசில் காட்டிக்கொடுத்தவள் என்பது இன்னொரு பேச்சு. இரண்டையும் ஒரே வாய், ஒரே காபி குடித்து முடிப்பதற்குள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அதனால் நடந்ததை நான் சொல்கிறேன். அந்த ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான்.

ஆர்டிஸ் எங்களுக்கெல்லாம் மூத்தவள். அதே ஆஸ்பத்திரியின் சலவை அறையில் முப்பத்தோரு வருஷம் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடித்தவள். அதிகம் பேச மாட்டாள். சிரித்தால் உதடு ஒரு பக்கம் மட்டும் அசையும், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மாதர் துணைக் குழுவுக்குத் தலைவியாக்கினோம். வடக்கு டகோட்டாவில் எங்களைப் போன்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. ஊர்தான் முதலாளி. பற்றாக்குறை வந்தால் நாங்கள் ஆப்பிள் பை பலகாரம் சுட்டு விற்போம், ஒட்டுப்போர்வை தைத்துக் குலுக்கல் நடத்துவோம், செத்தவர்கள் பேரில் வரும் நன்கொடையைச் சேர்த்து வைப்போம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆர்டிஸின் கணவர் ஆர்வில்லுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. டயாலிசிஸுக்கு எழுபது மைல் போக வேண்டும், எழுபது மைல் திரும்ப வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள். பனிப்புயல் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள், அன்றைக்கு அந்த மனுஷன் உடம்பு வீங்கிக்கொண்டு வீட்டில் கிடப்பார். அந்த வருஷம்தான் ஆர்டிஸ் குழுவில் எழுந்து, நம்ம ஆஸ்பத்திரியிலேயே ஒரு டயாலிசிஸ் அறை, நான்கு நாற்காலி போட வேண்டும் என்றாள். மூன்றாவது குளிர்காலத்தில் ஆர்வில் போய்விட்டார். ஆர்டிஸ் விடவில்லை. அவருக்குக் கிடைக்காதது அடுத்தவருக்காவது கிடைக்கட்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம்.

குழுவின் பொருளாளர் மார்லிஸ் ட்வெட்டன். ஆர்டிஸும் அவளும் தேவாலய வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். எங்கள் அம்மாக்கள் காலத்து விதி ஒன்று உண்டு. எந்த செக்கிலும் இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும், தலைவி ஒன்று, பொருளாளர் ஒன்று. நல்ல விதிதான். ஆனால் அக்டோபரில் சர்க்கரை பீட் கிழங்கு அறுவடை வந்துவிடும். சர்க்கரை ஆலை திறந்துவிட்டால் பதினைந்து நாள் இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. வண்டி ஓட்டத் தெரிந்த கிழவிகள்கூடக் கிழங்கு லாரி ஓட்டப் போய்விடுவார்கள். ஆர்டிஸும் போவாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், ஆர்வில்லின் மருந்துச் செலவுக்கு அந்தக் கூலி வேண்டும்.

அதனால் ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் மார்லிஸ் செக் புத்தகத்தோடு ஆர்டிஸ் வீட்டுக்கு வருவாள். ஆர்டிஸ் எதுவும் எழுதாத இருபத்தைந்து செக்கில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு, சாவி இரண்டையும் ஒரே ஆள் கையில் கொடுத்த மாதிரி. இதைத் தப்பென்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அறுவடைக் காலத்தில் எங்கள் ஊரில் பாதிச் சங்கங்கள் இப்படித்தான் நடக்கின்றன. அது மட்டுமில்லை, ஆர்டிஸ் லாரி ஓட்டிய அந்தப் பதினைந்து நாளும் ஆர்வில்லை டயாலிசிஸுக்கு ஓட்டிக்கொண்டு போனவள் மார்லிஸ்தான். பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. அப்படிப்பட்டவளிடம் எந்த முகத்தோடு கணக்கைக் காட்டு என்று கேட்பது? எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பது, உன் வீட்டு அலமாரியைத் திறந்து காட்டு என்பதற்குச் சமம். ஆண்டுக் கூட்டத்தில் மார்லிஸ் ஒரு தாளைப் படிப்பாள், ஒருத்தி ஏற்கலாம் என்பாள், இன்னொருத்தி வழிமொழிவாள், எல்லோரும் கை தூக்குவோம். என் கையும்தான் உயர்ந்திருந்தது.

கடைசியாக அவள் படித்த தொகை ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் டாலர். நாற்காலிகளுக்கு ஆர்டர் கொடுக்கலாமா என்று ஆஸ்பத்திரி கேட்டபோதெல்லாம், பணம் வைப்பு நிதியில் கிடக்கிறது, மார்ச்சில் முதிரும், செப்டம்பரில் முதிரும் என்று மார்லிஸ் தள்ளிக்கொண்டே போனாள்.

போன ஜனவரியில் அவள் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுத்தாள். தோழிக்கு உதவியாக ஆர்டிஸ்தான் தபால் நிலையத்துக்குப் போய் அவள் கடிதங்களை எடுத்து வந்தாள். அதில் ஒரு உறை குழுவின் பெயருக்கு வங்கியிலிருந்து வந்திருந்தது. தலைவிதானே என்று பிரித்தாள். இருப்பு நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு டாலர்.

வேறு கணக்கு இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாளாம். வங்கிக்குப் போனாள். வேறு கணக்கு இல்லை. பழைய செக்குகளின் படங்களைக் காட்டச் சொன்னாள். ஆறு வருஷத்தில் ஐம்பத்தெட்டு செக். எல்லாம் மார்லிஸின் மகன் ப்ரெண்ட் டிராக்டர் வாங்கிய கடைக்கும், விதைக் கடைக்கும் போயிருந்தன. ஐம்பத்தெட்டிலும் ஆர்டிஸின் கையெழுத்து, ஒரு கோடுகூடப் பிசகாமல். ஒன்றில் தேதி அக்டோபர் ஒன்பது, செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஆர்வில்லை எழுபது மைல் கூட்டிக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையைப் போர்த்திவிட்டு வந்தவள் மார்லிஸ். அந்தக் கையாலேயே அவர் நாற்காலிக்கான காசையும் எழுதி எடுத்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்வது என்று சொல்வோமே, இந்த வேலி பயிருக்குத் தண்ணீரும் ஊற்றியது. அதுதான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியாதது.

அன்று மதியம் ஆர்டிஸ் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மார்லிஸுக்குச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு நான் அறை வாசலுக்குப் போனபோது உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். போகவும் முடியாமல், திரும்பவும் மனசில்லாமல் நின்றேன்.

"எத்தன நாளா?" என்றாள் ஆர்டிஸ்.

"எம் மகன் ப்ரெண்டோட பண்ணைய ஏலத்துக்கு விடப்போறதா நோட்டீஸ் வந்துச்சே, அப்போலேர்ந்து. திருப்பி வச்சிடலாம்னுதான் எடுத்தேன் ஆர்டிஸ். சத்தியமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மார்லிஸ்."

"நீயுந்தான் என்கிட்ட கேட்டிருக்கலாம்." என்றாள் மார்லிஸ். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, புத்தகத்தக் காட்டுடின்னு கேட்டிருந்தீன்னா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பயந்துகிட்டே வருவேன். யாரும் கேக்க மாட்டீங்க. கை தூக்குவீங்க."

"கேட்டா உன் மனசு நோகும்னு கேக்கல" என்றாள் ஆர்டிஸ்.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு நடந்தாள். தட்டை வைத்தேன். மார்லிஸ் சாப்பிடவில்லை.

இனி ஆஸ்பத்திரி நிர்வாகக் குழு. அதன் தலைவர் லோவல் ப்ராட்டன், காப்பீட்டு முகவர், வாய் நிறையச் சிரிப்பவர். விஷயம் காதுக்கு எட்டியதும் ஆர்டிஸைக் கூப்பிட்டு, ப்ரெண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுவான், வெளியே தெரிந்தால் இனி ஒருவரும் பத்து டாலர் தரமாட்டார்கள், ஆஸ்பத்திரியே மூடிப்போகும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். யாரிடமும் பேசுவதில்லை என்று ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். அவள் பேனாவைத் தொடாததைப் பார்த்து, "எல்லா செக்குலயும் உங்க கையெழுத்தும் இருக்கே ஆர்டிஸ், யோசிச்சுக்குங்க" என்றாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த ஆள், போகிற போக்கில் மிரட்டவும் செய்தார்.

"படிக்காம கையெழுத்துப் போட்டது போதும் லோவல். இத படிச்சுட்டேன். போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிப்ரவரியில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நிதி திரட்டும் விருந்து. இருநூறு பேர், இறைச்சி உருண்டை, உருளைக்கிழங்கு, லெஃப்ஸா ரொட்டி. நன்கொடை உறைகளைச் சேகரிக்கும் நேரத்தில் ஆர்டிஸ் எழுந்து நின்றாள்.

"உறையக் குடுக்குறதுக்கு முன்னால ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. டயாலிசிஸுக்குன்னு நீங்க குடுத்த பணம் இப்ப இல்ல. மார்லிஸ் எடுத்துட்டா. எல்லா செக்குலயும் என் கையெழுத்து இருக்கு. ஒண்ணும் எழுதாத செக்குல நான்தான் போட்டுக் குடுத்தேன். நாளைக்கு ஷெரீஃப் ஆபீசுக்குப் போறேன். அவள மட்டும் இல்ல, என்னையும் கேப்பாங்க."

உட்கார்ந்துவிட்டாள். பாதிப் பேர் உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். லோவல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உட்காரவில்லை. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஷெரீஃப் ஆர்டிஸை விசாரித்துவிட்டு விட்டுவிட்டார். மார்லிஸ் நீதிபதி முன் ஒப்புக்கொண்டாள். அவள் வயதையும் முறிந்த இடுப்பையும் பார்த்து நீதிபதி சிறை வேண்டாம் என்று, மாதம் இருநூற்றைம்பது டாலர் திருப்பிக் கட்டச் சொன்னார். அந்தக் கணக்கில் ஐம்பத்து நாலு வருஷம் ஆகும். மார்லிஸுக்கு எழுபத்தொன்று. ஊர் யாரைத் தண்டித்தது என்றால் ஆர்டிஸைத்தான். ஒரு குடும்பத்தின் நிலத்தைக் காப்பாற்ற எடுத்தாள், அதில் என்ன பெரிய பாவம் என்று மார்லிஸ் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆர்டிஸ் உட்காரும் தேவாலய பெஞ்சில் மற்ற இடமெல்லாம் காலி. அக்டோபரில் லாரி ஓட்ட அவளை யாரும் கூப்பிடவில்லை, ஆள் கிடைத்துவிட்டது என்றார்கள். தலைவி பதவியையும் எடுத்துவிட்டார்கள். டயாலிசிஸ் அறைக்கென்று ஒதுக்கிய இடத்தில் பழைய கட்டில்களை அடுக்கியிருக்கிறார்கள். ஊரில் மூன்று பேர் இன்றைக்கும் டயாலிசிஸுக்கு எழுபது மைல் போய் வருகிறார்கள்.

பொருளாளர் வேலைக்கு ஒருவரும் வராததால் அது என் தலையில் விழுந்தது. இந்த வருஷ ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுதிவந்த தாளைப் படித்தேன். ஏற்கலாம் என்றாள் ஒருத்தி. வழிமொழிந்தாள் இன்னொருத்தி. கைகள் பாதி உயர்ந்துவிட்டன. பின் வரிசையில் இருந்து ஆர்டிஸ், "வங்கித் தாளக் காட்டு ரோவீனா" என்றாள்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இத்தனை நடந்த பிறகும், நடந்தது முழுக்கத் தெரிந்த எனக்கே, என்னைத் திருடி என்கிறாளா என்றுதான் முதலில் வந்தது. கொண்டுபோய் அவள் மேசையில் போட்டேன், கொடுக்கவில்லை, போட்டேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். முக்கால் மணி நேரம். சிலர் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் சரியாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகுதான் கைகள் முழுக்க உயர்ந்தன.

வெளியே அவள் கார்க் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னையுமா நம்பல ஆர்டிஸ்?"

அவள் சுரண்டுவதை நிறுத்தினாள். ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"நம்பல" என்றாள். "நம்பிப் பாக்குறேன், வர மாட்டேங்குது. பணத்தையாவது கோர்ட்டு மாசாமாசம் வாங்கித் தருது. இந்த நம்பிக்கைய யாரு வாங்கித் தருவா?"

பிறகு காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, இனிமேல் மாசாமாசம் வங்கித் தாளைக் கொண்டுவந்து காட்டிவிடு, கேட்காமல் விட்டுத்தான் மார்லிஸைக் கெடுத்தோம், உனக்கும் அது நல்லதில்லை என்றாள்.