வரப்பில் நின்றுபோன கோடு

கரும்புச் சோகை கீறிய விரலில் ஸ்கேலை அழுத்திப் பிடித்தால் சுருக்கென்று எரியும். பத்தாம் வகுப்பில் நான் போட்ட வரைபடங்கள் எல்லாம் அந்த எரிச்சலோடு போட்டவைதான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கி, காற்றில் பாகு வாசனையும் புளித்த வாசனையும் கலந்து வீசும் மாதத்தில் அரையாண்டுத் தேர்வும் வந்து தொலைக்கும். விடிந்ததும் கரும்பில் காய்ந்து தொங்கும் சோகையை உரித்துவிட்டு, அரைகுறையாகக் கை கழுவி, பள்ளிக்கு ஓடிப்போய்ப் பச்சைக் கட்டம் போட்ட ‘கிராப்’ தாளில் கோடு இழுப்போம்.

சாய்வும் வெட்டுத்துண்டும் கொடுத்துவிட்டால் நேர்கோடு வரைவது சுலபம் என்பார்கள். சுலபம்தான். சாய்வு இரண்டு, y வெட்டுத்துண்டு நான்கு என்றால், செங்குத்தாக நிற்கும் y அச்சில் நான்கில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கட்டம் போய், மேலே இரண்டு கட்டம் ஏறி இன்னொரு புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும். அரையாண்டுக்கு முன் வகுப்பில் வைத்த சோதனையில் நானும் இழுத்தேன். ஆனால் y அச்சில் தொடங்கி வலப்பக்கம் மட்டுமே இழுத்தேன். இடப்பக்கம் என் ஸ்கேல் நகரவே இல்லை. இந்தக் கோடு x அச்சை எங்கே வெட்டும் என்ற அடுத்த கேள்விக்கு, ‘வெட்டாது’ என்று தைரியமாக எழுதியும் வைத்தேன். வலப்பக்கம் அது மேலே மேலே ஏறிக்கொண்டுதானே போகிறது, எங்கே போய் வெட்டும்?

கணக்கு டீச்சர் என்னைக் கரும்பலகைக்கு வரவழைத்து, “கோட்ட ஏம்மா இங்கயே நிறுத்திட்ட?” என்று கேட்டார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“அந்தாண்ட நம்மளுது இல்லீங்க டீச்சர்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு ‘வரப்பு’ என்று பட்டப்பெயர். சிரிக்காதவள் சுமதி ஒருத்திதான். அவள் என் பெரியப்பா மகள். விஷயம் அவளுக்குத் தெரியும்.

நிலத்தைப் பாகம் பிரித்த பிறகு பெரியப்பா கொல்லைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்புதான். அதன் ஓரத்துப் புல்லை மண்வெட்டியால் செதுக்குவதை ‘அண்டை வெட்டுறது’ என்போம். அப்படி வெட்டுகிற சாக்கில் பெரியப்பா வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் தள்ளுகிறார் என்பது அப்பாவின் கட்சி; அப்பாதான் தள்ளுகிறார் என்பது பெரியப்பாவின் கட்சி. பேச்சுவார்த்தை அறுந்தது. “வரப்புக்கு அந்தாண்ட இன்னா கெடந்தாலும் அது நம்ம கண்ணுக்குத் தெரியக் கூடாது” என்பார் அப்பா. எங்கள் கோழி அந்தப் பக்கம் போனால்கூட இந்தப் பக்கம் நின்று கூப்பிடுவோமே தவிர, பிடிக்கப் போக மாட்டோம்.

அதே அப்பாதான் அந்த மாதம் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “அரையாண்டுல கணக்குல போச்சின்னா, பேசாம எங்களோட கரும்பு வெட்ட வந்துடு. ஆளு கம்மியாத்தான் கீது.” அப்பா சொன்னால் செய்வார். என் அக்காவின் படிப்பு அப்படித்தான் நின்றது.

மறுநாள் சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனபோது, வரப்பின் அந்தப் பக்கத்திலிருந்து சுமதி கூப்பிட்டாள். “இன்னாடி, ஃபெயிலாகிக் கரும்பு வெட்டப் போறியா? இந்தா, இந்த வரப்புதான் y அச்சு.” இரண்டு கொல்லைக்கும் குறுக்கே ஓடிய வாய்க்காலைக் காட்டினாள். “அதுதான் x அச்சு. வாய்க்கால்லேருந்து வரப்பு மேலயே நாலு அடி ஏறி நில்லு.”

நின்றேன்.

“உங்க பக்கம் ஒரு அடி போனா ரெண்டு அடி ஏறணும். எங்க பக்கம் ஒரு அடி வந்தா ரெண்டு அடி எறங்கணும். வா.”

எனக்குக் கால் வரவில்லை. கோழிக்கே இல்லாத உரிமை எனக்கு ஏது? சுமதி கையைப் பிடித்து இழுத்தாள். அவர்கள் பக்கம் ஒரு அடி, வாய்க்காலை நோக்கி இரண்டு அடி. மறுபடியும் ஒன்று, இரண்டு. கால் சில்லென்று தண்ணீரில் இறங்கிவிட்டது. வெட்டாது என்று நான் எழுதிய கோடு, பெரியப்பா கொல்லையில் இரண்டே அடியில் வாய்க்காலைத் தொட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

நிமிர்ந்தால், மண்வெட்டியோடு அப்பா நிற்கிறார்.

“அங்க இன்னா பண்ற?”

“கணக்கு போடறன்பா.”

“பரீச்சைல இது வரும் சித்தப்பா” என்றாள் சுமதி. என் அப்பாவை அவள் சித்தப்பா என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அப்பா என் ஈரக்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “போட்டு முடிச்சிட்டு வா. தண்ணியக் கலக்காத” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அரையாண்டில் வேறு எண்களோடு அந்தக் கணக்கு வந்தது. ஸ்கேலை y அச்சுக்கு இரண்டு பக்கமும் நன்றாக நீட்டி வைத்து இழுத்தேன். தேறினேன், கரும்பு வெட்டப் போகவில்லை. பொதுத்தேர்வு வரைக்கும் தினமும் சேர்ந்து கணக்குப் போட நாங்கள் ஏறி இறங்கியதில் வரப்பில் ஒரு இடம் தேய்ந்து தடமாகிவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வரப்பில் ஒரு எலி வளையைக்கூட விடாமல் அடைக்கிற அப்பா, அந்தத் தடத்தை மட்டும் மண் போட்டு மூடவில்லை. அண்டை வெட்டும்போது அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் வெட்டுவார்.

இன்று அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. இரண்டு கொல்லையையும் ஒருவரே குத்தகைக்கு எடுத்து, டிராக்டர் விட்டு வரப்பை உழுது சமன்படுத்திவிட்டார். வாய்க்காலும் தூர்ந்துபோய், சொட்டுநீர்க் குழாய்தான் ஓடுகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, மணலூர்பேட்டையிலிருந்து சுமதியும் வந்திருந்தாள். அந்தத் தடம் எங்கே இருந்தது என்று இருவரும் போய்த் தேடினோம்.

“வாய்க்கால்லேருந்து நாலு அடிதானேடி” என்று காலைத் தூக்கிய சுமதி, வைக்காமல் நின்றாள். சுற்றிலும் கரும்பு.

“எங்கேருந்துடி எண்ணுறது?” என்றாள்.