சிரிக்காத போட்டோ

மாதனூர், ஞாயிறு காலை. பினாங்கிலிருந்து வந்து இந்தக் குழந்தைகள் இல்லத்தில் தொண்டு செய்யத் தொடங்கி மூன்று வாரமாகிறது. தலை பின்னுகிறேன், துணி மடிக்கிறேன், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இன்று, வெளிநாட்டில் நன்கொடை கேட்டு அனுப்புவதற்காக, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் படமெடுக்கிறேன்.

கேட்டில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். இல்லத்துப் பிள்ளை எஸ்தரின் அம்மாவாம். எஸ்தருக்கு யாருமில்லை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இவளுக்கு ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை. விரல் நுனிகளில் பசை கறுத்துக் காய்ந்திருக்கிறது. கையில் மகளுக்கு ஒரு மக்கன்பேடா இனிப்புப் பொட்டலம்.

வார்டன், எஸ்தர் பார்க்கவே, அவளைச் சமையலறைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு என்னிடம் வருகிறார்.

"போட்டோ முடியுற வரைக்கும் அங்கயே இருக்கட்டும் மேடம். அம்மா இருக்குற புள்ளைக்கு இன்னாத்துக்கு ஹோம்னு ஃபாரின்ல கேப்பாங்க. அப்புறம் நமக்குத்தான் பேஜாரு."

"அவங்க அம்மாவ ஒளிச்சு வச்சுத்தான் படம் எடுக்கணுமா?" என்கிறேன்.

"ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அவ அம்மா மேடம். மத்த நாள்ல யாரு சோறு போடுறது?"

நான் கேமராவைச் சரிசெய்கிறேன். அதற்குள் எஸ்தர் வெள்ளைச் சுவரோரம் போய் நிற்கிறாள். காலையில் நான் கட்டிவிட்ட சிவப்பு ரிப்பனைத் தானே அவிழ்த்துக் கைக்குள் சுருட்டிக்கொள்கிறாள். செருப்பையும் கழற்றித் தள்ளி வைக்கிறாள்.

"அக்கா, இது சிரிக்கிற போட்டோவா, சிரிக்காத போட்டோவா? சிரிக்கிறது தேங்க்ஸ் கார்டுக்கு."

"சிரிக்காதது" என்கிறேன்.

உடனே முகத்தைத் தொங்கப்போடுகிறாள். சமையலறைப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது.