பியானோவுக்குக் கும்மி

என் மனைவி படுத்த படுக்கையாகி ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. பக்கவாதம் அவளுடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. இடது கை அசையும் என்கிறார் வைத்தியர். அவள் அசைப்பதில்லை. "மனசு வரணும். அவங்களுக்குப் பிடிச்சது எதையாவது கேக்க வைங்க" என்றார். அவளுக்குப் பிடித்தது எது என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தியவனே நான்தான்.

மலையகத்து ஹட்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் பியானோ கற்பித்தாள். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு முன்னறையில் இருந்த பழைய பியானோவை விடவில்லை. மழை நாட்களில் கட்டைகள் ஊறி, அழுத்தினால் எழும்பாது. அதற்காகப் பெட்டிக்குள் ஒரு பல்பை எரியவிடுவாள். ஒருநாள் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இதக் கேளுங்க. மசுர்கா. மூணு தட்டு, ரெண்டாவதுல அழுத்தம். ஏதோ ஒரு நாட்டுல வயல்ல வேலை செஞ்ச சனங்க ஆடுனதுதான் இது. பொறகுதான் மாளிகைக்குள்ள போயிருக்கு. நம்ம கும்மியும் மூணுதானே?"

அடுத்த வாரமே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடுகளான கீழ் லயத்துப் பெண்கள் சிலர், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக எங்கள் முன்னறைக்கு வந்தார்கள். அவள் வாசிக்க, வட்டமாக நின்று கைகொட்டினார்கள். முதல் தட்டில் கொட்டியே பழகிய கைகள் இரண்டாவதுக்குக் காத்திருக்கத் தெரியாமல் முந்திக்கொண்டன.

"ஒங்க பாட்டுக்கு ஒரு காலு நொண்டி, டீச்சரம்மா" என்றாள் ஒருத்தி.

"நொண்டி இல்லடி. நீ குனியிறதுக்கு எடம் விட்டிருக்கு."

இரண்டாவது தட்டில் குனிந்து கொட்டினார்கள். அதுவரை நான் நாற்காலியில் உட்கார்ந்து மட்டுமே கேட்டிருந்த இசைக்கு முதுகும் இடுப்பும் முளைத்தன. பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். நன்றாக இருந்தது. அதனால்தான் கோபம் வந்தது.

நான் லயத்தில் பிறந்தவன். என் அப்பா தப்பு மேளம் அடித்தவர். நான் படித்து, பள்ளி அதிபராகி, நகரத்துக் கடைக்கார வீட்டுப் பெண்ணைக் கட்டியதெல்லாம் அந்தச் சத்தத்தை விட்டு விலகத்தான். திருவிழாவில் இதை ஆட வேண்டும், தப்பும் சேர வேண்டும் என்று அவள் சொன்ன அன்று, "அவ்வளவு ஆசையா இருந்தா லயத்துலயே போய்க் குடியிரு" என்றேன், அந்தப் பெண்களின் காதில் விழும்படி. அவர்கள் படியிறங்கிப் போனார்கள். அவள் சண்டை போடவில்லை. பியானோவை மூடிப் பல்பை அணைத்தாள். சில மாதங்களில் விழுந்தாள். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று வைத்தியர் சொல்லக்கூடும். நான் கேட்கவில்லை.

வைத்தியர் சொன்னபின் நானே வாசித்துப் பார்த்தேன். அவள் பாடம் நடத்தக் கேட்டுக் கேட்டு அந்த மசுர்காவை ஒருவாறு தட்டுவேன். அவள் கூரையையே பார்த்திருந்தாள். லயத்துக்குப் போய் அந்தப் பெண்களைக் கூப்பிட்டேன். "வர்றோங்கய்யா" என்றார்கள். வரவில்லை. கடைசியில் என் அக்கா மகனைப் பிடித்தேன். காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவன்.

"கூத்துக்கு மாசி வரணுமே மாமா. இப்ப எதுக்கு?"

"அத்தைக்குக் கேக்கணும்டா."

ஐப்பசி மழை விட்ட ஒரு பிற்பகலில் வந்தான். எங்கள் அடுப்பில் தப்பின் தோலைக் காய்ச்சிக்கொண்டு வாசலில் நின்றான். கதவுகளைத் திறந்துவைத்துவிட்டு நான் வாசிக்கத் தொடங்கினேன். கற்றுக்குட்டியின் கை, மெதுவாகத்தான் போகும். அவனும் எனக்காக அடியைத் தளர்த்தினான். நான் கட்டிலைப் பார்த்தேன். போர்வையின் மேல் அவளுடைய இடது சுட்டுவிரல் எழுந்தது. இரண்டாவது தட்டில். மீண்டும் எழுந்தது.

"நிறுத்தாதடா!" என்று கத்தினேன்.

அப்போதுதான் படியில் அழுகை கேட்டது. தலையை விரித்துக்கொண்டு பெண்கள் ஏறி வந்தார்கள். பின்னால் ஆண்கள். "சங்கு ஊத ஆளனுப்பியாச்சுங்கய்யா" என்றார் ஒருவர். கூத்து மாதம் இல்லை, கல்யாணம் இல்லை. நோயாளி கிடக்கும் வீட்டு வாசலில் தப்பு தளர்ந்து ஒலித்தால் எங்கள் மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. மறப்பதற்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

நொண்டி என்று கேலி செய்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு, "என்னப் பெத்த டீச்சரம்மா, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டீங்களே" என்று ஒப்பாரியை எடுத்தாள். எடுத்தவள் கட்டிலைப் பார்த்து நிறுத்தினாள்.

"அடி ஆத்தி! முழிச்சுக்கிட்டில்ல இருக்காங்க!"

யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் என் அக்கா மகனின் முதுகில் அறைந்தார். "எரும! ஆரு செத்தான்னு கேட்டுட்டு அடிக்க மாட்டியா?"

"மாமாதான் அடிக்கச் சொன்னாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான். தன் சாவுக்கு வைத்த ஒப்பாரியைக் கேட்டுவிட்டுப் பார்த்தாள். விரல்கள் மடங்கிக் கை இறுகியது.

ஒப்பாரி வைத்தவள் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நாங்க வந்துட்டோம்ல, டீச்சரம்மா. கைய விடுங்க." கொஞ்ச நேரத்தில் கை விரிந்தது. வந்தவள் அந்த உள்ளங்கையில் மூன்று தட்டினாள். என் மனைவியின் விரல் இரண்டாவதில் அழுத்தியது.

இப்போது அந்தப் பெண்கள் மாலையில் வருகிறார்கள். அவர்கள் கைகளில் அவள் விரல் எண்ணுகிறது, அவர்கள் குனிந்து கொட்டுகிறார்கள். நான் அருகில் போனால் கை மூடிக்கொள்கிறது. வைத்தியர் இது நரம்பு சம்பந்தப்பட்டது என்கிறார். நேற்றும் பக்கத்தில் உட்கார்ந்து, என்னை மன்னித்துவிடு என்றேன். கை மூடியே இருந்தது. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.