அட்டையும் என் வாயும்

சிவனொளிபாத மலை ஏற வருகிறவர்களுக்கு மஸ்கெலியாவில் நாங்கள் அறை வாடகைக்கு விட்டோம். சீசனில் வருவதை வைத்துத்தான் வருடம் முழுக்க எங்கள் அடுப்பு எரியும். அந்த வருடம் வெள்ளைக்காரர் ஒருவரும் எங்கள் படி ஏறவில்லை. எல்லோரும் எதிரே இருந்த விடுதிக்கே போனார்கள்.

காரணத்தை ஹட்டன் நெட் கடையில் என் வீட்டுக்காரர் கண்டுபிடித்தார். இன்டர்நெட்டில் யாரோ எங்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். படுக்கையில் அட்டை கடிக்கிறதாம். தேத்தண்ணீர் என்று கொடுப்பது பாத்திரம் கழுவின தண்ணீராம். வீட்டுக்கார அம்மா வாயைத் திறந்தால் மூடமாட்டாராம். ஆகவே எதிர் விடுதிக்குப் போங்கள், அங்கே சுடுதண்ணீர் உண்டு என்று முடிந்திருந்தது. பெயர் போட்டிருந்தால்கூட ஆள் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தோம். யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமைசாலி. கடிதம் அனுப்பலாம், அவதூறு வழக்கும் போடலாம், ஆனால் எதிர் விடுதிக்காரர்தான் எழுதினார் என்று நிரூபிக்க வேண்டும், எழுதியது பொய்யாகவும் இருக்க வேண்டும் என்றார்.

"இதில எது எது பொய், அம்மா?"

"எல்லாமே பொய்யிங்க. ரூமுக்குள்ள அட்டை வருமாங்க? என் தேத்தண்ணிய அந்த நாசமாப் போறவன் குடிச்சுப் பார்த்தானா? அவன் மூஞ்சியும் மொகரையும்..."

நான் நிறுத்தியபோது, மூலையில் எழுதிக்கொண்டிருந்த அவருடைய குமாஸ்தா அறையில் இல்லை.

"மூண்டாவதை விட்டுவிடுவம்," என்றார் சட்டத்தரணி. "நீங்கள் கூண்டில ஏறினால் எதிர்த்தரப்புக்கு வேற சாட்சி தேவைப்படாது."

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். பஸ்ஸில் வீடு வரும்வரை அவருக்கு நன்றாகக் கிடைத்தது.

நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் இதற்கு வேறொரு வழக்கம் உண்டு. மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கூப்பிட்டு வராவிட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. எதிர் விடுதிக்காரர் வந்தார், பட்டு வேட்டி கட்டிக்கொண்டு.

"நான் அதை எழுதலைங்க," என்று சூடத்துக்கு மேல் கையை நீட்டினார். கை கீழே இறங்கவில்லை. பூசாரி அவசரப்படாமல் இன்னொரு கட்டிச் சூடம் போட்டார்.

"எழுதினது மருமகனுங்க. நான் பக்கத்துல உக்காந்து சொன்னேன்."

நான் வாயைத் திறந்தேன். பூசாரி மணியை ஆட்டத் தொடங்கி, நான் முடிக்கும்வரை ஆட்டினார்.

எழுதியதை அழிக்க மருமகனுக்குத் தெரியவில்லை. அதனால் அதன் கீழேயே புதிதாக எழுதவைத்தோம். மாரியம்மனுக்குப் பயந்து இம்முறை உண்மையை மட்டுமே எழுதினான். அட்டை இல்லை, தேத்தண்ணீர் அருமை, அம்மா திட்டுவார்.

அறைகள் நிறைந்தன. மலையிறங்கி வந்தவர்கள் சாப்பிட்டு முடித்தும் எழும்பாமல் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சோறு போடவா என்று நான் சிரித்தபடி கேட்டதும் அவர்களுக்கு முகம் தொங்கிப்போனது. வீட்டுக்காரர் அடுப்படிக்கு ஓடிவந்தார்.

"ஏதாச்சும் திட்டு புள்ள. அதுக்குத்தானே வந்திருக்காங்க."

கேட்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரைத்தான் திட்டினேன். முன்னறையில் கைதட்டினார்கள்.