லைல் வாவ்ராவுக்கு விழுந்த ஓட்டு

செக் நாட்டிலிருந்து வந்தவர்களும் ஜெர்மானியர்களும் ஒரு காலத்தில் கல்லறைத் தோட்டத்தில்கூட வேலி போட்டுச் சண்டை பிடித்த கவுண்டி, அதாவது மாவட்டம், எங்களுடையது. இப்போது சண்டை போட ஆள் இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தின் இந்த மூலையில் மனுஷரைவிட மாடுகள்தான் அதிகம். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்குத் தேர்தலில் யாரும் போட்டியிடுவதில்லை. சம்பளமும் கிடையாது, புல் வெட்ட வேண்டும், குழிக்கு இடம் அளந்து கொடுக்க வேண்டும். ஓட்டுச்சீட்டில் அந்த இடம் காலியாக இருக்கும். யாராவது ஒரு பெயரைக் கையால் எழுதிப் போட்டால் அந்த ஆள் மாட்டிக்கொண்டார் என்று அர்த்தம். போன நவம்பரில் அப்படி மாட்டியவர் லைல் வாவ்ரா. விழுந்தது ஒரே ஓட்டு.

லைலுக்கு அறுபது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் செத்த பிறகு பண்ணையில் அவரும் மாடுகளும்தான். எப்போதாவது ஊர்க்காரர்கள் கூடிப் பேசும் தானியக் கிடங்குக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போவார். ஒரு மாதம் வராவிட்டாலும் யாருக்கும் உறைக்காது. எனக்கும்தான், பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

முடிவு தெரிந்ததும் கிடங்குக்கார டுவேன் சும்மா இருப்பானா? வாய் நீளம் அவனுக்கு.

"ஏம்ப்பா லைல், உன் பேரை நீயே எழுதிக்கிட்டியா? புல்லு வெட்ட அவ்வளவு ஆசையா?"

எல்லோரும் சிரித்தோம். லைல் சிரிக்கவில்லை. தன் சீட்டில் அந்த இடத்தைக் காலியாகத்தான் விட்டதாகச் சொன்னார். கல்லறைக் குழுவில் நான் பழைய ஆள் என்பதால் என் பக்கம் திரும்பினார்.

"யாரோ என்னை நினைச்சிருக்காங்க. யாருன்னு தெரியுமா?"

ரகசிய ஓட்டு, எனக்கெப்படித் தெரியும்? மனுஷன் விடவில்லை. கவுண்டி அலுவலகம் வரை போய்க் கேட்டு, சொல்ல முடியாது என்ற பதிலோடு திரும்பினார். அதன்பிறகு அடிக்கடி கிடங்குக்கு வந்தார். முகம் மழித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, உள்ளே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

ஜனவரியில் டெல்ஃபின் கோசல் இறந்துபோனாள். லைலின் பண்ணைக்குப் போகிற சரளைச் சாலையில் இருந்த ஒரே வீடு அவளுடையது. கணவன் போனபின் தனியாக இருந்தவள். அவளுக்கு இடம் அளப்பதுதான் லைலின் முதல் வேலை. நானும் கூடப் போனேன். தரை உறைந்து கிடந்தது. லைல் அடையாளக் கம்பியைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தபோது, டெல்ஃபினின் மகள் ஜனெல் ஒமாஹா நகரத்திலிருந்து வந்து இறங்கினாள். லைல் யார் என்று என்னிடம் கேட்டுக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"அம்மா உங்க பேரைத்தான் எழுதிப் போட்டாங்களாம், போன்ல சொன்னாங்க. எங்க வீட்டைத் தாண்டுறப்ப வண்டியை மெதுவா ஓட்டுற ஒரே ஆளு நீங்கதானாம். கொடியில காயற துணியில புழுதி படக்கூடாதுன்னு. அப்படிப்பட்டவர் கல்லறையையும் நல்லாப் பாத்துக்குவாருன்னாங்க."

லைல் சுத்தியலைக் கீழே வைத்தார். அம்மாவோடு நல்ல பழக்கமா என்று ஜனெல் கேட்டாள். அவர் அந்தக் குளிரிலும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இல்லம்மா," என்றார். "இத்தனை வருஷமும் மெதுவாத்தான் போனேன். ஒரு நாளும் வண்டியை நிறுத்தல."